அக்கா வீட்டுக்கு ஒரு கணப்பு

மார்கழியிலும் மின்விசிறியை இரண்டில் வைத்துவிட்டுப் போர்வை தேடுகிற ஊர் எங்கள் அம்பத்தூர். நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதெல்லாம் போகி அன்று விடியற்காலையில் மட்டும்தான். அதுவும் குளிருக்காக இல்லை. பழைய பாயைக் கொளுத்துகிற சாக்கில். அப்படிப்பட்ட ஊரில் 2024 நவம்பரில், "வீட்டுக்குள்ள வைக்கிற கணப்பு, ஃபயர்பிளேஸ், கிடைக்குமா?" என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், உடம்புக்கு ஏதாவதுங்களா? ஜுரமா?"

ஜுரம் எனக்கில்லை. குளிர் என் அக்காவுக்கு.

அக்கா இருப்பது ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற சாலையில், தலைக்குந்தாவுக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில். 1979-ல் ஆசிரியை வேலை கிடைத்துப் போனவள். "ரெண்டே வருஷம், அப்புறம் மாற்றல் வாங்கிட்டு வந்துடுவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அத்தானை அங்கேதான் சந்தித்தாள். கல்யாணம், பிள்ளை, கேரட் தோட்டம், ஓய்வு, எல்லாம் அங்கேயே. அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. அக்காவுக்கு இப்போது வயது 71. ஒரே பையன் அமெரிக்காவில். "அம்பத்தூருக்கு வந்துடேன்" என்று கூப்பிட்டால், "உங்க ஊர்ல மனுஷன் இருப்பானா? ஃபேனுக்குக் கீழயே பிறந்து ஃபேனுக்குக் கீழயே சாகணும்" என்பாள்.

தலைக்குந்தா என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல உறைபனி படர்ந்திருக்கும் படத்தைச் செய்தித்தாளில் போடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நாம் "அடடா, ஒரு தடவை போகணும்" என்போம். அங்கேயே இருப்பவர்கள் அன்று ராத்திரி எப்படித் தூங்கினார்கள் என்று எந்தப் படமும் சொல்வதில்லை.

அக்கா எப்படித் தூங்கினாள் என்பது எனக்கு 2024 ஜனவரியில்தான் தெரிந்தது. குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு, வாசலில் வைத்து விசிறிக் கனல வைத்து, புகை அடங்கியதும் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொள்வாளாம். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுப் படுத்துவிடுவாள். பல வருஷப் பழக்கம். பழைய ஜன்னல் மரத்தில் விரல் நுழைகிற அளவு சந்து இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தீபாவளிக்கு ஜன்னலை மாற்றி அலுமினியச் சட்டம் போட்டார்கள். சந்து அடைபட்டது. ஒரு நாள் காலையில் பால் கொண்டுவந்த பெண் வெகு நேரம் கதவைத் தட்டியிருக்கிறாள். அக்கா தவழ்ந்து வந்துதான் தாழ்ப்பாளை எடுத்தாள். தலைவலி, வாந்தி, கால் தரையில் நிற்கவில்லை. ஊட்டியில் ஒரு மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்து இரண்டு நாள் பார்த்து அனுப்பினார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால்..." என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

கரி புகையாமல் கனன்றால் பத்திரம் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் அந்தப் புகையில்லாத கனல்தான் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். தூக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் கூடுவதுபோலத்தான் இருக்கும். 2024-ல் கொடைக்கானல் விடுதி ஒன்றில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அமெரிக்காவிலிருந்து மருமகன் கூப்பிட்டான். அக்கா மகன்தான், வட மிச்சிகனில் ஒரு கிராமத்துப் பக்கம் வீடு. "மாமா, ஒரு ப்ரோபேன் ஃபயர்பிளேஸ் பார்த்து வாங்கி வெச்சிடுங்க. எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புறேன். இங்க எங்க வீட்லயும் அதான்" என்றான். வீடியோவில் காட்டினான். சுவரோடு சுவராகக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே செயற்கை விறகுக் கட்டைகள். அதைச் சுற்றி மஞ்சள் சுடர். ரிமோட்டைத் தட்டினால் எரிகிறது, தட்டினால் அணைகிறது. தோட்டத்தில் வெள்ளை மாத்திரை மாதிரி ஒரு பெரிய தொட்டி. அங்கே நகரங்களுக்குத்தான் பூமிக்கடியில் எரிவாயுக் குழாய் போகும். கிராமத்து வீடுகளுக்கு லாரி வந்து ப்ரோபேனை அந்தத் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போகும். வெளியே மைனஸ் இருபது டிகிரி பனி. உள்ளே இவன் அரைக்கை பனியனில்.

பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் ஷீட் மெட்டல் வேலை பார்த்தவன் நான். (எங்கள் குடும்பத்தில் இந்த 'எஸ்டேட்' என்ற சொல் பெரிய குழப்பம். அக்கா சொன்னால் தேயிலை, நான் சொன்னால் லேத்து.) ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் புரிந்தது, மருமகன் வீட்டில் இருப்பதும் இங்கே ஆன்லைனில் 'கேஸ் ரூம் ஹீட்டர்' என்று விற்பதும் வேறு வேறு ஜாதி. அவன் வீட்டுக் கண்ணாடி திறக்கவே திறக்காது. பின்புறம் சுவரைத் துளைத்துக்கொண்டு குழாய்க்குள் குழாயாக ஒன்று வெளியே போகிறது. வெளிக்குழாய் எரிவதற்கான காற்றை உள்ளே இழுக்கும். உள்குழாய் எரிந்த காற்றை வெளியே தள்ளும். அறைக்குள் இருக்கிற காற்றை அந்த நெருப்பு தொடுவதே இல்லை. சூடு மட்டும்தான் அறைக்கு. இங்கே விற்பதில் சிலிண்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, முன்பக்கச் செராமிக் தட்டு சிவக்கச் சிவக்க எரியும். புகைக்குழாயே கிடையாது. எரிந்தது எல்லாம் அறைக்குள்தான். ஆக்ஸிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும் சென்சார் நல்ல கருவிகளில் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சில கருவிகளின் கையேட்டிலேயே, 7,000 அடிக்கு மேல் இந்தச் சென்சார் காரணமில்லாமலும் அணைத்துவிடலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. ஊட்டி 7,350 அடி. அங்கே காற்றின் அடர்த்தியே நம் ஊரைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெரினாவில் நீலமாக எரிகிற பர்னர் அங்கே மஞ்சளாகத் திணறலாம்.

இன்னொரு விஷயம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தபோது தெரிந்தது. கேஸ் எரிந்தால் கரியமில வாயு மட்டுமில்லை, தண்ணீரும் வரும். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி. நாலு கிலோவாட் ஹீட்டரை நாலு மணி நேரம் ஓட்டினால் ஒன்றேகால் கிலோ கேஸ் தீரும். இரண்டு லிட்டர் தண்ணீர் அறைக்குள் ஆவியாக நிற்கும். அது போய்க் குளிர்ந்த சுவரில் படியும். ஏற்கெனவே பீரோவில் பட்டுப்புடவைக்குப் பூஞ்சை பிடிக்கிற ஊர் அது.

பட்டாபிராமில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆவடிப் பக்கம் இப்படி எத்தனையோ பேர். டாங்க் செய்கிற தொழிற்சாலையும் ராணுவத்துக்கு உடை தைக்கிற தொழிற்சாலையும் இருக்கிற ஊர், லடாக் குளிரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். "சார், அங்க எங்களுக்கு புகாரிதான் தெய்வம்" என்று ஆரம்பித்தார். புகாரி என்பது உருளை மாதிரி ஓர் இரும்பு அடுப்பு. காஷ்மீர், லடாக் வீடுகளில் விறகு போட்டு எரிப்பார்கள். ராணுவ முகாம்களில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி வைத்திருப்பார்கள். "நெருப்பு எதுல எரியுதுன்னு எங்க சுபேதார் கேக்கவே மாட்டார் சார். டென்ட்டுக்குள்ள வந்ததும் முதல்ல தலையைத் தூக்கிக் குழாயைத்தான் பாப்பார். குழாய் வெளிய போகுதா, அதுல பனி அடைச்சிருக்கா. அப்புறம் படுக்கும்போது அணைச்சாச்சா. அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகச் சொன்னதை நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் டைரியில் எழுதி வைத்தேன். அதுவரை நான் அடுப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது குழாயை.

பூந்தமல்லியில் ஹோட்டல் அடுப்புகள் செய்கிற ஒருவரிடம் போனேன். எங்கள் பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட பையன். இப்போது சொந்தப் பட்டறை, ஆறு பேருக்குச் சம்பளம். "அண்ணே, அந்த அமெரிக்கா பெட்டியை இறக்கிடலாம். ஆனா அது ப்ரோபேனுக்கு. நம்ம சிலிண்டர்ல இருக்கிறது முழுசா ப்ரோபேன் இல்லையே" என்றான். எனக்கும் மறந்திருந்த பாடம் அது. நம் சமையல் கேஸ் ப்ரோபேனும் பியூட்டேனும் கலந்தது. ப்ரோபேன் மைனஸ் 42 டிகிரி குளிரிலும் ஆவியாகும். அதனால்தான் மிச்சிகனில் அது. பியூட்டேன் சுழியத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாக மறுத்துத் திரவமாகவே கிடக்கும். சென்னைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உறைபனி விழுகிற ராத்திரியில், வெளியே வைத்த சிலிண்டரில், நமக்குக் கேஸ் எப்போது தேவையோ அப்போதுதான் அது சோம்பும். மலையில் சிலர் விடியற்காலையில் அடுப்பு மந்தமாக எரிந்தால் சிலிண்டரைப் படுக்கப் போடுவார்கள், வெந்நீரில் வைப்பார்கள். இரண்டும் செய்யவே கூடாத காரியம். படுக்கப் போட்டால் ரெகுலேட்டருக்குள் திரவமே வந்துவிடும்.

சரி, வெளியே குளிர் என்றால் சிலிண்டரை உள்ளே வைக்கலாமே? கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். அக்கா கட்டில் ஒன்றரை அடி உயரம்.

மருமகன் சொன்ன மாடல் 30,000 பி.டி.யு. நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்பது கிலோவாட். முழு வேகத்தில் ஓடினால் 14.2 கிலோ சிலிண்டர் இருபது மணி நேரத்தில் காலி. தினம் நாலு மணி நேரம் என்றால் ஐந்தே நாள். அக்கா அறை 12-க்கு 14 அடி. அதற்கு அவ்வளவு பெரிய நெருப்பு, ஒரு டம்ளர் காபிக்கு அண்டாவை ஏற்றுகிற கதை.

கரன்ட் ஹீட்டரையும் யோசிக்காமல் இல்லை. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் நல்ல பொருள், மூச்சு முட்டாது. ஆனால் 2,000 வாட், நாலு மணி நேரம், தினம் எட்டு யூனிட். அப்போது இரண்டு மாதத்துக்கு இலவசமாக வந்த 100 யூனிட் பன்னிரண்டு ராத்திரிக்குக் காணும். பணம் மருமகன் கொடுப்பான். ஆனால் அந்த வீட்டின் வயரிங் அத்தான் காலத்தது. காற்றடித்து மரம் சாய்ந்தால் இரண்டு நாள் கரன்ட் இருக்காது. குளிர் அதிகமாகிற நாளும் அதுவாகத்தான் இருக்கும்.

எதையும் வாங்காமல், அளவு நாடாவும் ஒரு தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்டு டிசம்பர் இரண்டாம் வாரம் நானும் மனைவியும் கிளம்பினோம். எங்களைப் போன்ற மேற்குச் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, கோயம்பேடு வரை போக வேண்டாம். பூந்தமல்லி பைபாஸில் நின்றால் ஊட்டி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். அங்கே நிற்கிறபோது ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரே ஜோடி நாங்கள்தான். வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் மல்லிகைப்பூ விற்ற அம்மா, "இப்பவே போட்டுட்டா அங்க எதைப் போடுவீங்க?" என்று சிரித்தார்.

விடிகிற நேரத்தில் மேட்டுப்பாளையம். பர்லியாறு தாண்டும்போது ஜன்னலை மூடினோம். குன்னூரில் ஸ்வெட்டரின் அருமை தெரிந்தது. ஊட்டியில் இறங்கிக் கால் தரையில் பட்டதும் மனைவி சொன்னாள்: "அக்கா பாவம்ங்க."

இத்தனை வருஷம் ஊட்டிக்குப் போயிருக்கிறேன். கூரைகளைப் பார்த்ததே இல்லை. இந்த முறை கூரைகளை மட்டும்தான் பார்த்தேன். ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் தன் கல் பங்களாவைக் கட்டியதிலிருந்து வெள்ளைக்காரன் கட்டிய வீடு ஒவ்வொன்றிலும் செங்கல் புகைபோக்கி ஒன்றோ இரண்டோ நிற்கிறது. அவன் சொந்த ஊர்க் குளிரை நினைத்துக் கட்டியது. நாற்பது ஐம்பது வருஷத்துக்குள் கட்டிய காங்கிரீட் வீடுகளில் ஒன்றிலும் கிடையாது. சமவெளி வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மலையில் வைத்திருக்கிறோம். தோடர்களின் பழைய குடிலைப் பாருங்கள்; பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த வடிவம், தவழ்ந்து நுழைகிற அளவுக்கே வாசல். குளிருக்கும் வாசல் அவ்வளவுதான். படுகர் ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சூடு. அக்கா வீடு மேட்டின்மேல் தனியாக, நாலு பக்கமும் காற்று வாங்கிக்கொண்டு, தகரக் கூரையோடு நிற்கிறது. அத்தான் காட்சிக்காகத் தேர்ந்தெடுத்த இடம்.

பழைய புகைபோக்கிகளும் முழு உத்தமம் இல்லை. திறந்த கணப்பில் எரிகிற விறகுச் சூட்டில் பெரும்பகுதி நேராக மேலே போய்விடும். போகிற போக்கில் அறையில் இருக்கிற சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முகம் வேகும், முதுகு விறைக்கும். இதைப் பார்த்துத்தான் 1740-களிலேயே பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் நெருப்பை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து அறைக்குள் தள்ளி வைக்க யோசனை செய்தார். ஊட்டி பங்களாக்களில் பாதிக் கணப்புகளை இப்போது பலகை வைத்து அடைத்து, மேலே டி.வி. வைத்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அக்கா அறையில் தெர்மாமீட்டரை மாட்டினேன். காலை ஐந்து மணிக்கு ஏழு டிகிரி. அறைக்குள்! இரண்டு ரஜாய்க்குள் கிடந்தும் எனக்கு மூக்கு நுனி இருப்பதே தெரியவில்லை. எழுந்ததும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். கதவுக்குக் கீழே புகை படுத்தது. கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஓட்டமாக ஓடி வெளியே போனது. அக்கா தலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "என்னடா, காலங்காத்தால தகரத்துக்குப் பூஜை?"

அந்தத் தகரம்தான் திருடன். நேருக்கு நேர் தகரம். கீழே தட்டுப்பலகை எதுவும் கிடையாது. இதற்குள் எந்த அமெரிக்கப் பெட்டியை வைத்தாலும் வானத்தைத்தான் சூடுபடுத்தும். ஊர்த் தச்சரைக் கூப்பிட்டு, பலகை அடித்துக் கூரைக்கும் பலகைக்கும் நடுவில் தெர்மாகோல் வைக்கச் சொன்னோம். கதவடியில் ரப்பர் பட்டை. மூன்று நாள் வேலை. நெருப்பே இல்லாமல் நாலாம் நாள் காலை பதினொரு டிகிரி. மருமகனிடம் சொன்னபோது நம்பவில்லை. தெர்மாமீட்டரை வீடியோவில் காட்டச் சொன்னான்.

ஆனால் அடைக்க அடைக்க இன்னொரு பயம் வந்தது. அலுமினிய ஜன்னல் செய்த வேலையைத்தானே நானும் செய்கிறேன்? இனி இந்த அறைக்குள் குமுட்டி ஒரு நாள் வந்தாலும் போதும். அன்று இரவு மூவரும் வீடியோவில் உட்கார்ந்தோம். மருமகன் விடவில்லை. "மாமா, சின்ன மாடல், 10,000 பி.டி.யு., குழாய் சுவர் வழியா வெளிய போறது. சிலிண்டர் வெளிய கூண்டுல. அம்மா குனிய வேணாம், விறகு தூக்க வேணாம். பட்டனைத் தட்டினா போதும்." அவன் சொன்னதில் தப்பே இல்லை. பிறந்ததிலிருந்து அம்மா குனிந்து ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிள்ளை. 30,000-லிருந்து 10,000-க்கு இறங்கி வந்திருந்தான். நான்தான் ஏறத்தாழ இணங்கிவிட்டேன்.

அக்கா நடுவில் புகுந்து கேட்டாள்: "அது ரிப்பேர் ஆனா யாருடா பாப்பா?"

இரண்டு பேரிடமும் பதில் இல்லை. ஊட்டியில் அதைத் திறந்து பார்த்தவர் யாரும் கிடைக்கவில்லை. மலை உயரத்துக்கும் நம் கேஸுக்கும் ஏற்றபடி ஜெட்டை மாற்றித் தருகிற ஆளும் கிடைக்கவில்லை.

"சிலிண்டர் தீர்ந்தா?" நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோவை ஒட்டி வரும். மேட்டுக்கு வண்டி ஏறாது. பையன்கள் யாராவது தூக்கிவந்து கொடுத்தால்தான்.

"சீகை மரம் கொல்லையில கிடக்கு. கற்பூர மரத்து மிலாறு காசு இல்லாம வருது. நாப்பத்தஞ்சு வருஷமா நெருப்பு மூட்டறேன். எனக்கு நெருப்பைப் பத்தித் தெரியாதது ஒண்ணுதான், அது மூச்சு விடற வழி. அதை மட்டும் தம்பி செஞ்சு குடுக்கட்டும்."

(கற்பூர மரம் என்றால் நீலகிரியில் யூகலிப்டஸ். முதல் தடவை கேட்டபோது நான் கோயில் கற்பூரத்தை நினைத்துக்கொண்டேன்.)

அம்பத்தூருக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் பழைய பட்டறையிலேயே உட்கார்ந்தேன். முதலாளி என் சட்டையைப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனவர் மாதிரியா இருக்கு?" என்றார். நாலு மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டில் பெட்டி. முன்னால் ஒரே கதவு, அதில் காற்றுக்குத் திருகு. பூந்தமல்லித் தம்பி கதவுக்குச் சுற்றிலும் தீத்தாங்கிக் கயிறு கொண்டுவந்து ஒட்டிக் கொடுத்தான். குழாய்க்கு ஜி.ஐ. மலிவாகக் கிடைக்கும், வேண்டாம் என்றேன். துத்தநாகப் பூச்சு சூடேறினால் அந்தப் புகையே விஷம். எஸ்.எஸ். குழாய்தான், ஐந்து அங்குலம். எடை போட்டுப் பார்த்தால் பெட்டி மட்டும் நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

பொங்கல் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பழைய ஜமக்காளத்தில் சுற்றிய குழாய்களோடு மறுபடி பூந்தமல்லி பைபாஸ். கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார். "இது என்ன சார், பீரங்கியா?" ஆவடிப் பக்கத்து ஆட்களிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

அக்கா குனியக் கூடாது என்பது மருமகனின் ஒரே நிபந்தனையாக மிஞ்சியிருந்தது. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் அடுப்பை ஏற்றினோம். குழாய் தகரத்தைத் துளைக்கிற இடத்தில் பலகையில் சூடு படாமல் பெரிய வளையம் வைத்து, இடைவெளியில் பாறைப் பஞ்சு. குழாய் கூரை முகட்டைத் தாண்டி இரண்டடி மேலே நின்றால்தான் காற்று சுழன்று புகையைத் திருப்பி அடிக்காது. அடுப்புக்குப் பின்னால் சுவரின் அடியில் மூன்று அங்குலத் துளை, எலி வராமல் வலை. நெருப்புக்கு வேண்டிய காற்று அதன் வழியாக வரும். அக்காவுக்கு அந்தத் துளை பிடிக்கவில்லை. "இத்தனை அடைச்சுட்டு இதை எதுக்குடா திறக்கறே?" புகாரி கதையைச் சொன்னேன். சுபேதார் என்றதும் ஒப்புக்கொண்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், மருமகன் அனுப்பிய கார்பன் மோனாக்சைடு அலாரம். பேட்டரியில் ஓடுவது, உள்ளங்கை அளவுதான். இவ்வளவு ஆராய்ச்சியிலும் யோசிக்காமல் வாங்க வேண்டிய ஒரே பொருள் இதுதான் என்பேன். மலையில் வீடு வைத்திருப்பவர்கள், எந்த அடுப்பு வைத்திருந்தாலும், இதை மாட்டிவிடுங்கள். சோதனைப் பட்டனை அழுத்தியபோது அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எங்கோ ஓடியது.

மருமகனுடைய கேஸ் கணப்பை நான் கேலி செய்யவில்லை. விறகில் வேறு வேலைகள் இருக்கின்றன. ஈர விறகு எரித்தால் குழாய்க்குள் தார் மாதிரி கரி படியும். அது ஒரு நாள் குழாயிலேயே தீப்பிடிக்கும். அதனால் குளிர்காலத்தில் இரண்டு தடவை குழாயைக் கழற்றித் தட்ட வேண்டும். பால்காரப் பெண்ணின் தம்பிக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாம்பல் அள்ள வேண்டும். அக்காவுக்கு எண்பது வயதாகும்போது விறகு தூக்க முடியாமலும் போகலாம். அன்றைக்கு ஊட்டியில் கேஸ் கணப்பைப் பழுதுபார்க்கிற ஆள் வந்திருந்தால் அதுவே சரி. அதற்காகச் சுவரில் குழாய் போகிற உயரத்தில் ஓர் இடத்தைச் செங்கல் மட்டும் வைத்து, சிமென்ட் பூசாமல் விட்டிருக்கிறேன். அவனிடம் சொன்னேன். "மாமா, நீங்க பொல்லாத ஆள்" என்றான். குரலில் கோபம் இல்லை.

முதல் ராத்திரி ஏழு மணிக்கு அக்கா சீகைச் சிராயில் பற்றவைத்தாள். ஊதுகுழல் தேடினாள், தேவைப்படவில்லை. கதவைச் சாத்தியதும் குழாய் 'ஹும்' என்று மெல்ல முனகியது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவே வெள்ளைப் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு அறையில் பத்தொன்பது டிகிரி. பத்து மணிக்கு விறகு அடங்கிவிட்டது. புது விறகு போடாமல், அலாரத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று தடவை எழுந்து அக்காவின் மூச்சைக் கேட்டேன்.

விடியற்காலை ஏதோ சத்தம் கேட்டுப் பதறி எழுந்தேன். தெர்மாமீட்டரில் பதினைந்து. அக்கா மப்ளரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஜன்னலை ஒரு விரற்கடை அளவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வேர்க்குதுடா" என்றாள். "அம்பத்தூர் மாதிரி இருக்கு."